மகூனாவுக்குப் போன அலமாரி

புல்மான்
12 பிப்ரவரி 1984

அன்புள்ள ரக்கியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நானும் உன் தம்பி ஹம்மாதியும் உயிரோடு இருக்கிறோம். அலமாரிக்கும் கீறல் இல்லை.

காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாடு மிதெல்த்தில் என்று உன் தம்பி சொன்னான் அல்லவா? இரண்டு நாளாகிறது. இன்னும் புல்மானைத் தாண்டவில்லை. தப்பு அலமாரி மேல்தான். அதை வேன் கூரையில் படுக்கவைத்துக் கட்டு என்றேன். "மச்சான், படுக்க வெச்சா கண்ணாடி விரிசல் விட்டுடும், நிக்க வெச்சுதான் கட்டணும்" என்று சட்டம் பேசினான். கண்ணாடிக் கதவு பின்பக்கம் பார்த்தபடி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் அதில் தன் லாரியையே பார்த்துவிட்டு, எதிரில் ஒருவன் மோத வருகிறான் என்று ரோட்டை விட்டே இறங்கிவிட்டான். பார்லி வயலில் நின்றுகொண்டு அவன் எங்கள் இருவரின் பரம்பரையையும் விசாரித்தான். ஹம்மாதி ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னான்.

இங்கே சந்தை நாள். கண்ணாடியைப் பார்த்ததும் ஒரு நாவிதர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அலமாரியை இறக்கி நிறுத்தினால் எங்கள் இருவருக்கும் ஓசிச் சவரம் என்று பேச்சு. எனக்கு ஒரு கன்னம் முடிந்தபோது போலீஸ்காரர் வந்து, பாதையை அடைத்துக்கொண்டு என்ன வியாபாரம் என்று கேட்டார். விளக்கி முடிப்பதற்குள் நாவிதர் மாயமாகிவிட்டார். இப்போது ஒரு கன்னத்தோடுதான் உனக்கு எழுதுகிறேன்.

முப்பது வருஷம் நீதிமன்றத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்து உன்னையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. இந்த ரோட்டில் ஏனோ மனசு முன்னால் முன்னால் ஓடுகிறது. மகூனாவில் புருஷன் வீட்டில் நம் பெண் இல்ஹாம் இன்னும் துணிமணியை மூட்டை கட்டித்தான் வைத்திருக்கிறாளாம். ஒரு நல்ல அலமாரி வந்துவிட்டால் அந்த வீடு அவளுக்கும் வீடாகிவிடும்.

மிதெல்த் தபால் நிலையத்துக்கு என் பெயர் போட்டு எழுது. உன் கை ரொட்டிக்கு ஏங்கும்,
தாமி


ஸெஃப்ரூ
20 பிப்ரவரி

அன்புள்ள கணவருக்கு,

உங்கள் மேல் சாந்தி நிலவட்டும். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. வயிற்று மாத்திரையை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள். வறுத்ததைத் தொடாதீர்கள். ஹம்மாதி வாங்கிக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் உங்கள் கடிதத்தைத் தெரியாமல் பிரித்துப் படித்துச் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிப்பாள் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி.

ஆனால் சீக்கிரம் போங்கள். இல்ஹாமுக்கு மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. மாப்பிள்ளையும் எழுதவில்லை. எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள். மாப்பிள்ளை சொல்வதை எழுத வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்து எழுதுங்கள்.

துஆவுடன்,
ரக்கியா


மிதெல்த்
4 மார்ச்

அன்புள்ள ரக்கியாவுக்கு,

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். எனக்குச் சளி, ஹம்மாதிக்கு இருமல், வேனுக்கு இரண்டும்.

மலையில் பனி. கணவாயை அடைத்திருக்கிறார்கள்; சங்கிலி கட்டிய பஸ்ஸை மட்டும் விடுகிறார்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டையும் உடைந்துவிட்டது. மெக்னஸிலிருந்து புதுசு வர வேண்டும். அலமாரியை இறக்கிச் சத்திரத்துக் கொட்டகையில் வைத்தோம். மறுநாள் போய்ப் பார்த்தால் கீழ் இழுப்பறையில் சத்திரத்துப் பூனை ஐந்து குட்டி போட்டிருக்கிறது.

சத்திரக்காரி யாம்னா என்று ஒரு விதவை. கதவளவு அகலம், குரல் அதைவிட. குட்டிகளை வேறு பெட்டிக்கு மாற்றலாமா என்று பணிவாகத்தான் கேட்டேன்.

"புள்ளப் பெத்தவள எழுப்பி வேற எடத்துக்குப் போன்னு சொல்லுவியா நீ? உன் பொஞ்சாதிகிட்ட அப்படித்தான் சொன்னியா?"

"இல்லம்மா, இது என் பொண்ணோட அலமாரி..."

"உன் பொண்ணு ஒண்ணும் சொல்லமாட்டா. பொண்ணுங்களுக்கு இது புரியும். நீ போய் டீ குடி."

தினமும் பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். வேறு வேலை இல்லை. வருகிற பஸ், போகிற பஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கால் துறுதுறுக்கிறது. ஓட்டுநர்கள் பேரெல்லாம் தெரிந்துவிட்டது. இன்ஷா அல்லாஹ், ரோடு திறந்ததும் பறந்துவிடுவோம்.

தாமி


ஸெஃப்ரூ
19 மார்ச்

அன்புள்ள கணவருக்கு,

நலமாக இருங்கள். பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வேலை.

பனியில் வண்டி ஓட்ட வேண்டாம். அவசரம் ஒன்றுமில்லை. பூனைக்குட்டிகள் கண் திறக்கட்டும். ரீஷில் வெந்நீர் ஊற்று இருக்கிறதாம், சளிக்கு நல்லதாம், இறங்கிக் குளித்துவிட்டுப் போங்கள். முப்பது வருஷம் உட்கார்ந்தவர், நாலு ஊரைத்தான் பாருங்களேன். மகூனாவுக்குத் தந்தி எதுவும் கொடுக்காதீர்கள்.

இல்ஹாமைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நன்றாகத் தூங்குகிறாள். நேற்று ஹரீரா சூப் இரண்டு கிண்ணம் குடித்தாள்.

சமையலறையில் பால் பொங்குகிறது. முடிக்கிறேன்.
ரக்கியா


அர்ராஷிதியா
8 ஏப்ரல்

அன்புள்ள ரக்கியாவுக்கு,

சாந்தியும் சமாதானமும். சளி போய்விட்டது. வெந்நீர் ஊற்றில் ஹம்மாதி ஒரு பகல் முழுக்க ஊறிக் கிடந்தான். வெளியே இழுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

ரீஷுக்குப் பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அங்கே கல்யாணம். எங்கள் அலமாரியைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டுச் சீர் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். இறங்கி விளக்குவதற்குள் பறை அடித்து, குலவையிட்டு, பத்துப் பேர் தூக்கி, பெண் வீட்டு உள்ளறைக்கே கொண்டுபோய்விட்டார்கள். "மச்சான், சாப்பாடு முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றான் உன் தம்பி. சாப்பிட்டோம். ஆட்டுக்கறி, கொடிமுந்திரி, எல்லாம். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பார். கல்யாணப் பெண் அதற்குள் தன் உடைகளை மடித்து வைத்திருந்தாள். அவளே ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். மூன்று கிழவிகள் எங்களைச் சபித்தார்கள். மாப்பிள்ளைக்காரன் தலைகுனிந்து நின்றான். நான் அவனைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, என் பொண்ணு கல்யாணத்துல நானும் ஒண்ணும் கொடுக்கல, இப்பதான் எடுத்துட்டுப் போறேன்" என்றேன். கொஞ்சம் தெளிந்தான்.

வேன் நாளுக்கொரு முறை நிற்கிறது. போன வாரம் பிளக் வயர், முந்தாநாள் பெட்ரோல் குழாய். ஹம்மாதி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறான். நான்தான் குனிந்து பார்க்கிறேன். இப்போது எந்தக் குழாய் எங்கே போகிறது என்று எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். ஓட்டவும் பழகிவிட்டேன். லைசென்ஸ் பற்றிக் கேட்காதே.

ஒரு விஷயம். இல்ஹாம் ஹரீரா குடித்தது உனக்கு எப்படித் தெரியும்?

தாமி


குல்மிமா
17 ஏப்ரல்

அக்கா,

சலாம். நல்லாருக்கியா? நான் நல்லால்ல.

நீ சொன்னபடி வேனை ஏழெட்டுத் தடவை கெடுத்துட்டேன். இனி என்னால முடியாது. மச்சான் முன்ன மாதிரி இல்ல. நான் ஒரு வயரைக் கழட்டுனா அவரு ரெண்டு நிமிஷத்துல மாட்டிடுறாரு. மாட்டிட்டு "ஹம்மாதி, வண்டியும் மனுஷன் மாதிரிதான், எங்க வலிக்குதுன்னு கேக்கணும்"னு எனக்கே பாடம் எடுக்குறாரு. இருபது வருஷமா வேன் ஓட்டுறவன் நான். இந்த அவமானத்துக்கு நீதான் பொறுப்பு.

உன் கடிதாசியப் பாத்து என்னமோ சந்தேகப்படுறாரு. ஹரீரா, ஹரீரான்னு வாய்க்குள்ள முனகுறாரு. நேத்து திடீர்னு, "இங்கேர்ந்து மகூனா எவ்ளோ தூரம்?"னாரு. தூரம்தான்னேன். "நடந்தா?"னாரு. எனக்குப் பயமா இருக்கு. எதுக்கு அவரை இங்க கட்டிப் போடச் சொல்ற, அதையாவது சொல்லு. இல்ஹாம் உன்கிட்ட இருக்கான்னு மட்டும் சொன்ன. ஏன் வந்தா, எப்படி வந்தா, ஒண்ணும் சொல்லல.

உன் தம்பி,
ஹம்மாதி


ஸெஃப்ரூ
24 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். கேட்டாய், சொல்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

மாப்பிள்ளை ஜிலாலி இல்ஹாமை மாடி அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கடைக்குப் போவானாம். சாயங்காலம் வந்து திறப்பானாம். ஒரு வருஷமாக இதுதான். என் கடிதங்கள் எதுவும் அவள் கைக்குப் போகவில்லை. அடித்தானா என்று கேட்டேன். "அடிச்சிருந்தா காட்டவாவது ஏதாச்சும் இருந்திருக்கும் உம்மா" என்றாள். மார்ச்சில் ஒரு நாள் ஜன்னல் வழியாகக் கூரைக்கு ஏறியிருக்கிறாள். பக்கத்து வீட்டு இத்தோ என்ற பெண் ஏணி வைத்து இறக்கி, பஸ்ஸுக்கும் காசு கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

வந்த நாளிலிருந்து இல்ஹாம் ஒரே இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறாள். அறைக்கு அறை நடக்கிறாள். எல்லாக் கதவையும் திறந்து வைக்கிறாள்.

உன் மச்சான் நல்லவர்தான். ஆனால் முப்பது வருஷம் புருஷன் பெண்டாட்டி சண்டைகளைச் சமாதானம் என்று எழுதி முத்திரை குத்தியவர். போன வருஷம் வந்தவளைப் பத்து நாளில் அவரே பஸ் ஏற்றிவிட்டார். இந்தத் தடவையும் ஏற்றிவிடுவார் என்று அவள் நடுங்குகிறாள். நீதிமன்றத்தில் விவாகரத்து மனு கொடுத்திருக்கிறேன். நீதிபதி கூப்பிடும்வரை அவர் வரக் கூடாது, அங்கேயும் போகக் கூடாது. இன்னும் இரண்டு வாரம் பிடித்து வை.

வறுத்ததைச் சாப்பிடக் கொடுக்காதே.
அக்கா


மகூனா
9 மே

ரக்கியாவுக்கு,

சலாம். நலமாகத்தான் இருப்பாய். வீட்டில் துணைக்கு ஆள் இருக்கிறதே.

காலைத் தொழுகை முடிந்ததும் உன் தம்பி கழற்றி ஒளித்திருந்த வயரை அவன் செருப்புக்குள்ளிருந்து எடுத்து மாட்டி, நானே ஓட்டி வந்தேன். அவன் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான். தின்கிர் ஊரைத் தாண்டின பிறகுதான் எழுந்தான். செருப்பை உதறிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவனை அப்படி நான் பார்த்ததில்லை.

ஊர் முழுக்க ரோஜா வாசம். பறிக்கும் காலம். ஜிலாலியின் அம்மா டீ கொடுத்தாள். இல்ஹாம் எங்கே என்றேன்.

"உறவுக்காரங்க கல்யாணத்துக்குப் போயிருக்கா."

அலமாரி வைக்க இடம் பார்க்கிறேன் என்று மாடிக்கு ஏறினேன். அறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. பூட்டும் தொங்கியது.

"வெளியில எதுக்குத் தாழ்ப்பாள்?" என்று ஜிலாலியைக் கேட்டேன்.

"காத்து அடிக்கும், மாமா."

"காத்த வெளியிலேர்ந்தா பூட்டுவீங்க?"

அவன் முகம் மாறியது. "உங்க பொண்ணு ரெண்டு மாசம் முந்தி கூரை ஏறி ஓடிட்டா. திருடி மாதிரி. அதுக்கு நீங்க என்ன பதில் சொல்றீங்க?"

ரக்கியா, இரண்டு மாதம் என்றதும் உன் ஹரீராகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. எங்கே போனாள், உயிரோடு இருக்கிறாளா, எதுவும் தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஹம்மாதிதான் பக்கத்தில் உட்கார்ந்து, "மச்சான், அவ அக்காகிட்ட இருக்கா. நல்லா இருக்கா. ஹரீரா குடிக்கிறா" என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

உன்மேல் கோபம் இருக்கிறது. எவ்வளவு என்று நேரில் சொல்கிறேன்.

நீ கொடுத்த மனு எத்தனை வருஷம் தூங்கும் தெரியுமா? அப்படிப்பட்ட மனுக்களை அடுக்கிக் கயிறு கட்டியவன் நான். அவன் தன் வாயால் இரண்டு சாட்சி எழுத்தர் முன்னால் தலாக் சொன்னால் ஒரே நாளில் முடியும். சொல்லமாட்டேன் என்கிறான். அதனால் அலமாரியை அவன் ஜவுளிக்கடை வாசலில் இறக்கி, கண்ணாடி கடையைப் பார்க்க நிறுத்தி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்துதான் எழுதுகிறேன். உட்கார்ந்து பழகியவன்தானே.

ஒன்று மட்டும் சொல். மகூனாவிலிருந்து ஸெஃப்ரூவுக்கு ஒரே ரோடு. அவள் எங்களைத் தாண்டித்தானே போயிருப்பாள். மிதெல்த்தில் நான் தினமும் பஸ்களைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஏன் இறங்கவில்லை?

தாமி


ஸெஃப்ரூ
15 மே

அன்புள்ள கணவருக்கு,

அல்லாஹ் உங்களைக் காப்பாற்றட்டும். வெயிலில் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதை அவளிடம் கேட்டேன். முதலில் சொல்லவில்லை. இன்று மாவு பிசையும்போது தானாகவே சொன்னாள்.

மிதெல்த்தில் பஸ் நின்றிருக்கிறது. சத்திரத்துக் கொட்டகையில் அலமாரியைப் பார்த்திருக்கிறாள். யாருக்கு என்று அவளுக்குத் தெரியாது. பிறகு உங்களைப் பார்த்திருக்கிறாள். டீக்கடையில் ஹம்மாதி ஏதோ சொல்ல, நீங்கள் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தீர்களாம். இறங்குவதற்கு எழுந்தவள் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"வாப்பா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல உம்மா. என்னப் பாத்தா நிறுத்திடுவாரு. நிறுத்திட்டு எதிர்பக்கம் போற பஸ்ல ஏத்திவிடுவாரு."

அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

ரக்கியா


மகூனா
24 மே

அன்பு மகள் இல்ஹாமுக்கு,

உன் மேல் சாந்தி உண்டாகட்டும். சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று கேள்விப்பட்டுக்கொண்டே இருக்கிறேன்.

முடிந்துவிட்டது. தலாக் எழுதிய காகிதம் என் சட்டைக்குள் இருக்கிறது. உன் பள்ளிச் சான்றிதழ், தட்டச்சுச் சான்றிதழ், குளிர்க்கோட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன்.

ஜிலாலி முதலில் சிரித்தான். அவன் அம்மா கடை மாடிக்கு வந்து அங்கிருந்து பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். ஹம்மாதி மாமா குடை வாங்கி வந்து பிடித்தார். ரோஜா வாங்க வந்த வியாபாரிகள் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டு, "இங்க எதுக்குப் பெரியவரே உக்காந்திருக்கீங்க?" என்று கேட்பார்கள். நீதிமன்றத்தில் வாசிப்பதுபோலச் சொல்வேன்: "இவங்க வீட்டுல பொண்ண உள்ள வெச்சு வெளிய பூட்டுவாங்க. அந்தப் பூட்டத் திறக்கச் சொல்லி உக்காந்திருக்கேன்." கேட்ட எல்லாருக்கும் அதையே, ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். முதலில் பெண்கள் கடைக்குள் வருவதை நிறுத்தினார்கள். அப்புறம் அவர்கள் வீட்டு ஆண்களும் நிறுத்தினார்கள். நேற்று ஜிலாலியே வந்து, "எந்திரிங்க, போலாம்" என்றான். அவன் அம்மாவும் சேர்ந்து நான்கு பேராகச் சாட்சி எழுத்தர்களிடம் நடந்து போனோம்.

உம்மா எழுதியதைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். இல்ஹாம், இனி எந்தப் பஸ்ஸிலும் உன்னை நான் ஏற்றமாட்டேன். நீயாக ஏறினால் பெட்டியைத் தூக்கித் தருவேன்.

அலமாரி உன்னுடையது. என்ன செய்யட்டும்? பதிலை மிதெல்த்துக்குப் போடாதே, இங்கேயே போடு. நீ சொல்லும்வரை இங்கே இருக்கிறோம்.

வாப்பா


ஸெஃப்ரூ
30 மே

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் மாமாவுக்கும் என் சலாம். உம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதுவதைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கிறாள்.

நோன்பு முடிந்ததும் நகராட்சியில் தட்டச்சு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை காலையில் நடக்கப் போகிறேன். அருவிவரை போய்த் திரும்புகிறேன். யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால் சும்மா என்று சொல்கிறேன். அப்படிச் சொல்ல நன்றாக இருக்கிறது.

அலமாரியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம், வாப்பா. பக்கத்து வீட்டு இத்தோவுக்குக் கொடுத்துவிடுங்கள். அவளுக்கு மூன்று பெண் குழந்தைகள். துணியெல்லாம் கொடியில்தான் தொங்கும். நான் இறங்கி முடிக்கும்வரை அவள் ஏணியை விடவில்லை. கொடுக்கும்போது மெதுவாக, தெரு வழியாகத் தூக்கிப் போகச் சொல்லுங்கள். கண்ணாடி ஜிலாலி வீட்டுப் பக்கம் பார்த்தபடி இருக்கட்டும்.

பிறகு கிளம்பி வாருங்கள். அவசரம் வேண்டாம், ஆனால் எங்கேயும் இறங்கிக் கல்யாண விருந்து சாப்பிடாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அன்று டீக்கடையில் மாமா என்ன சொன்னார்? மிதெல்த்திலிருந்து ஸெஃப்ரூ வரை முக்காட்டுக்குள் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். கடிதத்தில் எழுதாதீர்கள். வந்து சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
இல்ஹாம்